மெசினுக்குச் சொன்ன அழைப்பு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அழைப்புக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து குறைப்படும்போது நான் தேநீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன். போனில் வரும் அழைப்பிதழில் ‘வருகிறேன்’ என்று ஒரு பொத்தான், ‘வரவில்லை’ என்று ஒரு பொத்தான்; அதை அழுத்தக்கூட இவர்களுக்குப் பஞ்சி என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த இரண்டாவது பொத்தானை நினைத்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் தாய் தகப்பனிடம் அது இருக்கவில்லை. வரமாட்டோம் என்று ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது. ‘கட்டாயம் வாறம்’ என்பார்கள். வருகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள், வராதவர்களும் அதைத்தான் சொல்வார்கள். எது எந்தக் ‘கட்டாயம்’ என்று கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை அதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு பெண் ஏமாந்துபோனாள். அதுதான் நான் வாயைத் திறப்பதில்லை.

அப்போது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிது, மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மெண்டில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. அந்தக் கட்டடத்தின் வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: நனைந்த கம்பளம், யாரோ வதக்கும் வெங்காயம், லிப்டுக்குள் யாரோ விட்டுப்போன சிகரெட் புகை. சனி ஞாயிறு என்றால் கதவு தட்டுப்படும். புருஷனும் பெண்சாதியுமாக யாராவது நிற்பார்கள். சப்பாத்தைக் கழற்றுவார்கள், கோட்டைக் கழற்றமாட்டார்கள். இன்னும் நாலு வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா. அந்த அம்மா என் அம்மாவிடம் குங்குமச் சிமிழை நீட்டுவார். அந்த ஐயா அழைப்பு அட்டையை இரண்டு கையாலும் கொடுத்து, “அண்ணை, நீங்கள் வந்துதான் நடத்தித் தரவேணும்” என்பார்.

அந்த நேரத்தில் அப்பாவைப் பார்க்க வேண்டும்! எழுந்து நின்று, சேர்ட்டை இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்குவார். ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜர். எந்த வீட்டில் என்ன நல்ல காரியம் என்றாலும் முதல் சேதி அவருக்குத்தான் வரும். இங்கே ஒரு ரெஸ்ரோரண்டின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினார். அவருடைய வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெடியன் ‘கமோன், கமோன்’ என்று அவரை விரட்டுவானாம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்பா சொன்னதில்லை. வாசலில் அட்டையோடு ஆட்கள் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் அவர் மறுபடியும் மனேஜர் ஐயா.

நேரில் வந்து சொன்னவர்களை அவர் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஒரு தடவை அஜின்கோர்ட்டில் யாரோ ஒருவரின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். பனி கொட்டுகிறது. கார் இல்லை. பஸ் மாறி மாறிப் போனோம். அம்மாவின் சேலைக் கரையில், பனி கரைய வீதியில் கொட்டும் உப்பு பட்டு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. என்னுடைய நல்ல சப்பாத்தை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையில் பிடித்திருந்தேன். மண்டபத்தில் அந்த மனிதருக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. “வாங்கோ, வாங்கோ... நீங்கள்...?” என்று இழுத்தார். திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் முணுமுணுத்தார். அப்பா, “வீட்டை வந்து சொன்ன மனிசன். போகாட்டில் எங்களுக்கு என்ன மரியாதை?” என்றார். எனக்கு அது அப்போது பெரிய நேர்மையாகத் தெரிந்தது.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கச்சி. மல்வேர்னில் தன் மகளோடு தனியாக இருந்தார். அவருடைய கணவர் ஜெர்மனியில் அகப்பட்டு, இங்கே வருவதற்குக் காகிதங்கள் சரிவரும் என்று காத்திருந்தார். மாமி பகலில் மஃபின் அடைக்கும் தொழிற்சாலை, மாலையில் அலுவலகங்களில் துப்புரவு வேலை. மாமியின் மகள், என் மச்சாள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். தகப்பன் அருகில் இல்லாத பிள்ளை. அவளுக்கு எல்லாம் என் அப்பாதான். அவளுடைய முதல் குளிர்கோட்டு அப்பா வாங்கிக் கொடுத்தது. வீட்டில் ரீவி வேலை செய்யாவிட்டாலும் ‘மாமா’, கணக்கு விளங்காவிட்டாலும் ‘மாமா’, கரப்பான் பூச்சி வந்தாலும் ‘மாமா’. அப்பாவும் பஸ் பிடித்துப் போவார். “உங்கட ஆஸ்தான கரப்பான் வைத்தியர் வெளிக்கிட்டார்” என்று அம்மா நக்கலடிப்பார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. என்னோடு சிரிப்பதைவிட அவளோடுதான் அப்பா அதிகம் சிரிப்பார்.

மச்சாள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது மாமி எங்களுக்குப் போன் எடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் இல்லை. மெசின்தான் எடுத்தது.

அந்த மெசினை உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். கறுப்பு நிறம், உள்ளே ஒரு குட்டிக் கசெற், சேதி இருந்தால் மினுங்கும் ஒரு சிவப்பு விளக்கு. அப்பா அதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்து அம்மாவைப் பேசச் சொன்னார். அம்மா பயந்து பயந்து, “நாங்கள் இப்ப வீட்டில இல்லை. உங்கட பேரையும் விசயத்தையும் சொல்லுங்கோ” என்று சொல்லி முடித்துவிட்டு, அப்பாவைப் பார்த்து “சரியோ?” என்று கேட்டார். அதுவும் பதிந்துவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பதிய அப்பாவுக்குத் தெரியவில்லை. யார் எடுத்தாலும் ‘சரியோ?’ என்று கேட்ட பிறகுதான் பீப் அடிக்கும்.

மாமி தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையிலிருந்து எடுத்திருந்தார். பின்னால் தட்டுகளின் சத்தம். “அண்ணை, நான்தான். பிள்ளை பெரிசாகிட்டாள். அவரும் இஞ்ச இல்லை, எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. ஏப்பிரல் கடைசிச் சனிக்கிழமை கீழ பார்ட்டி ரூமை எடுத்துத் தண்ணி வாக்கப்போறன். நீங்கள்தானே மாமன், நீங்கள் வந்து பாலறுகு வச்சால்தான் மற்றது எல்லாம். உதுக்குள்ள கனக்கக் கதைக்கேலாது போல கிடக்கு, அண்ணை...” அவ்வளவுதான், வெட்டுப்பட்டுவிட்டது.

பாலறுகு வைப்பது என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலில் தோய்த்த அறுகை மாமன்தான் பிள்ளையின் தலையில் முதலில் வைக்க வேண்டும். மாமன் வராமல் தண்ணீர் வார்க்கத் தொடங்குவதில்லை. மாமிக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே அண்ணன் என் அப்பா.

அப்பா வேலையால் வந்து, சோப்பில் ஊறி வெளுத்த விரலால் பொத்தானை அமத்திக் கேட்டார். “பிள்ளை பெரிசாகிட்டாளோ!” என்று சத்தமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். இன்னொரு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கும்போது முகம் மாறிவிட்டது.

“இதை என்னத்துக்கு மெசினுக்குச் சொன்னவள்?”

“வீட்டில ஆர் நிண்டது? நீங்களும் வேலை, நானும் வேலை” என்றார் அம்மா.

“ஒரு பஸ் எடுத்தால் இஞ்ச வந்திடலாம். தமயன்ர வாசல்ல வந்து நிண்டு ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லையாம். மெசினுக்குத்தானே சொன்னவள், மெசின் போகட்டும்.”

அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். பகிடி என்று நினைத்தோம். அப்பா குளிக்கப் போய்விட்டார்.

அதன்பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டார். என்னைக் கொண்டு கம்பளத்தை வாக்கியூம் பிடிக்க வைத்தார். “ஆரும் வரக்கூடும்” என்பார். அம்மா கடைக்குப் போகலாம் என்றால், “பின்னேரம் போகலாம்” என்பார். யார் வரக்கூடும் என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வாசலில் காலடி கேட்டால் அவருடைய கால் சப்பாத்துத் தட்டின் பக்கம் ஒருமுறை அசையும். அது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும்.

பனி உருகிச் சேறான ஒரு நாளில் அப்பா தமிழ்க் கடைக்கு மீன் வாங்கப் போனார். அங்கே மாமியின் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்தவரைச் சந்தித்திருக்கிறார். மன்னார்ப் பக்கத்து ஆள், கத்தோலிக்கர், நல்ல மனிதர். அவர் சந்தோஷமாக, “நீங்கள்தானே பிள்ளையின்ர மாமன்? தங்கச்சி நேற்று வீட்டை வந்து அட்டை தந்தவ” என்றிருக்கிறார். அப்பா மீன் பையைக் குசினி மேசையில் போட்டார். “கீழ்வீட்டு வேதக்காரனுக்கு அட்டையாம். கூடப்பிறந்தவனுக்கு மெசின்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. அவர் பிறத்தி ஆள், அதுதான் அட்டை” என்றார் அம்மா.

“முறை எண்டொண்டு இருக்கு. அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி. நான் போகமாட்டன்.”

அடுத்த கிழமை மாமி திரும்ப எடுத்தார். அம்மா போனைத் தூக்கினார். அப்பா ரீவிக்கு முன்னால் இருந்துகொண்டு, நான் இல்லை என்று சொல்லு என்பதுபோலக் கையை ஆட்டினார். நான் அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். மாமியின் குரல் வெளியே கேட்டது.

“அண்ணி, அண்ணை நிக்கிறாரோ?”

“வேலைக்குப் போட்டார்.”

“நான் சொன்னதைக் கேட்டவரோ? என்ன சொன்னவர்?”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ரீவியைப் பார்த்தார். “என்ன சொல்லுறது,” என்றார் அம்மா, “கட்டாயம் வாறம்.”

மாமி சிரித்தது எனக்குக் கேட்டது. “எனக்குத் தெரியும் அண்ணி. அட்டையும் குங்குமமும் வெளியாக்களுக்குத்தானே. அண்ணைக்கு என்னத்துக்கு?”

போனை வைத்துவிட்டு அம்மா அதை அப்படியே அப்பாவிடம் சொன்னார். அப்பா, “அப்ப நான் வெளியாளிலும் கேடு” என்றார். இப்போது யோசித்துப் பார்த்தால் அண்ணனும் தங்கச்சியும் சொன்னது ஒன்றுதான். உனக்கு நான்தான் முதல் ஆள் என்று இருவருமே நம்பினார்கள். மாமி அதனால்தான் நேரில் வந்து சொல்லவில்லை. அப்பா அதனால்தான் மாமி வரவேண்டும் என்று இருந்தார். நடுவில் என் அம்மா ஒரு ‘கட்டாயம்’ சொன்னார், மாமி அதை நம்பிவிட்டார். அம்மா, பாவி மனிசி, ‘அவர் கோவமாயிருக்கிறார், ஒருக்கா வந்திட்டுப் போ’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே! அம்மாவை அதற்காக நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. புருஷனின் வீம்பை நாத்தனாரிடம் காட்டிக்கொடுப்பது அவருக்கு அதைவிடப் பெரிய வெட்கமாக இருந்திருக்கிறது.

மச்சாள் என்னோடு தனியாகக் கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் இது தெரியாதாம், தெரிந்தால் செத்துப்போவாளாம். “சாறி எல்லாம் கட்டி, எல்லாருக்கும் முன்னால தலையில தண்ணி ஊத்துவினமாம். ஸோ எம்பரஸிங். அம்மா அழுதபடியால்தான் ஓகே சொன்னனான். மாமா பக்கத்தில நிப்பார்தானே.”

“ஓம்” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா எல்லோருக்கும் முதல் எழும்பினார். குளித்து, விபூதி பூசி, பட்டு வேட்டியைக் கட்டினார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா ஓடிப்போய்ச் சேலையைக் கட்டினார். தட்டில் மச்சாளுக்கு வாங்கிய பச்சைப் பட்டு, பழம், பூ எல்லாம் ஏற்கெனவே ஒளித்துவைத்திருந்தார், வெளியே எடுத்தார். நான் பாவாடை சட்டை போட்டேன். எனக்குச் சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். அப்பா வெளிக்கிட்டு வந்து போனுக்குப் பக்கத்துச் சோபாவில் இருந்தார்.

“வெளிக்கிடுவமே?” என்றார் அம்மா.

“பொறும். அவள் எடுக்கட்டும். ‘அண்ணை வாங்கோ’ எண்டு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ரக்சி பிடிச்சுப் போவன்.”

நாங்கள் இருந்தோம். பூவின் மணம் அறையெல்லாம் நிறைந்துவிட்டது. அம்மா இரண்டு தரம் தேநீர் போட்டார், ஒருவரும் குடிக்கவில்லை. தண்ணீர் வார்க்கும் நேரம் நெருங்கியபோது போன் அடித்தது. அம்மா கையை நீட்டினார். “விடும். அவளுக்கு மெசின்தானே பிடிக்கும், மெசினுக்குச் சொல்லட்டும். ‘வாங்கோ’ எண்டால் நான் தூக்குவன்” என்றார் அப்பா. அம்மாவின் பழைய குரல் ‘சரியோ?’ என்று கேட்டது. பீப் அடித்தது.

மாமி இல்லை. மச்சாள்.

“மாமா? மாமா, எங்க நிக்கிறீங்கள்? எல்லாரும் வந்திட்டினம். அம்மா வாசல்லயே நிக்கிறா, உள்ள வாறா இல்லை. பஸ் லேற்றோ? மாமா, வீட்டில நிண்டால் பிக் அப் பண்ணுங்கோ. ப்ளீஸ் மாமா. எனக்குப் பயமாக் கிடக்கு...”

அவளுடைய மூச்சு அறைக்குள் கேட்டது. பட்டு வேட்டியும் பட்டுச் சேலையும் பட்டுப் பாவாடையுமாக மூன்று பேர் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவின் கை போனின் மேல் இருந்தது. அவர் தூக்கவில்லை. ‘வாங்கோ’ என்ற அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை என்பதற்காகவா, அல்லது இவ்வளவு நேரமும் இங்கேதான் இருந்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சத்திலா? எனக்கு இன்றுவரை தெரியாது. கசெற் அவளை வெட்டிவிட்டது.

அம்மா தலையில் வைத்த பூவைப் பிய்த்து எடுத்தார். “தானாடாட்டிலும் தசையாடும் எண்டுவினம். உங்களுக்குத் தசையும் செத்துப்போச்சுதோ?” என்றார். அதற்கு முன்னும் பின்னும் அம்மா அப்பாவோடு அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு மத்தியானம் நாங்கள் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டோம்.

அங்கே நடந்ததை அம்மா பிறகு மாமியிடம் கேட்டுச் சொன்னார். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, வந்திருந்த பெண்கள் மாமன் என்று நிற்க ஓர் ஆம்பிளை வேணும் என்றார்களாம். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரரை மாமி கும்பிட்டுக் கேட்டாராம். “நான் வேதக்காரன் தங்கச்சி, எனக்கு உது ஒண்டும் தெரியாது” என்று அவர் பின்வாங்கினாராம். பிறகு மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பாலறுகை எடுத்து வைத்தாராம். அழைக்கப்பட்ட ஒரு வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கோ அதைச் சொல்லித்தந்தவர் அப்பா. வெட்கத்தில் அன்றைக்கு நான் மச்சாளுக்குப் போன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டுப்பட்டது. மாமி, கையில் பலகாரத் தட்டு. பின்னால் மச்சாள், தலையைப் பின்னிக் கட்டி, திடீரென்று உயர்ந்துபோனவளாக. இதற்குள் அம்மா மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், செய்ய வேண்டிய காலத்தில் செய்யாமல். மாமி சப்பாத்தைக் கழற்றிவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

“நான் நேர வந்து சொல்லியிருக்கவேணும் அண்ணை. பிழை என்னிலதான்.”

இரண்டு வேலை செய்து, புருஷன் இல்லாமல், தனியாக ஒரு சடங்கை நடத்திய பெண், அது கெட்டுப்போக இருந்ததற்குத் தானே மன்னிப்புக் கேட்டார். ‘இல்லை, பிழை என்னில’ என்று அப்பா சொல்வார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. “சரி சரி, அதை விடு. நடந்தது நடந்துபோச்சு” என்றார், பெரிய மனதோடு. அப்பா என்றால் எனக்கு உயிர். அந்த நிமிடம் அவருடைய மகளாக அந்த அறையில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

“மாமாவின்ர காலில விழு பிள்ளை” என்றார் மாமி. மச்சாள் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் விழுந்து எழும்பினாள். அப்பா அவளுடைய தலையில் கை வைத்து, “என்ன, மாமாவோட கோவமோ?” என்று பழையபடி சிரித்துக்கொண்டு கேட்டார்.

“இல்லை, அங்கிள்” என்றாள், கடைக்காரருக்குச் சொல்லும் அதே மரியாதையோடு.

மாமி பதறிப்போய் அவளுடைய தோளைத் தட்டினார். அவள் திருத்திச் சொல்லவில்லை. அப்பா கையை எடுத்தார்.

இப்போது அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறார். மச்சாள் இந்த ஊரில் நல்ல வேலையில், புருஷன் பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள். தன் வீட்டு நல்ல காரியம் எதற்கும் அவள் எங்களை அழைக்காமல் விட்டதில்லை. புருஷனையும் கூட்டிக்கொண்டு நேரில் வருவாள். எனக்குக் குங்குமம் நீட்டிவிட்டு, அப்பாவுக்கு முன்னால் போய் இரண்டு கையாலும் அட்டையைக் கொடுத்து, “அங்கிள், நீங்கள் கட்டாயம் வரவேணும்” என்பாள். அப்பா தடியை ஊன்றி எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்குவார். நான் தேநீர் போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுவேன்.